சிறு பட்டறையில் பெரிய துளை

மன்னார்புரத்தில் வசிக்கும் நமக்கு இரும்பின் ஓசை புதியதன்று. அருகே பொன்மலையில் ரயில்வே பணிமனை 1928 முதல் இயங்கி வருகிறது. திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை. அதை நம்பித் துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் எத்தனையோ சிறு பட்டறைகள். நம்மில் பலருடைய தந்தையர் அங்கேதான் வேலை செய்கிறார்கள். அவர்கள் அங்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் விழிக்கிறோம்! அந்தக் குறையைப் போக்க, இயற்பியல் ஆசிரியையுடன் நாங்கள் எட்டுப் பேர் ஒரு தோழியின் சித்தப்பா நடத்தும் பட்டறைக்குச் சென்றோம்.

தகரக் கொட்டகை. ஒரு பழைய லேத், ஒரு சிறிய டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், அவ்வளவே. அன்று வந்திருந்த வேலை, 20 மி.மீ. கனமுள்ள நான்கு எஃகுத் தகடுகளில் பேரிங் பொருத்த 52 மி.மீ. துளை போடுவது. தகடு ஒன்று கெட்டாலும் அதன் விலை சித்தப்பாவின் தலையில். நான்குக்கும் கிடைக்கும் கூலி அதற்கு ஈடாகாதாம்.

"பெரிய பிட்டைப் போட்டு ஒரே அழுத்தாக அழுத்தினால் என்ன, சித்தப்பா?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே தம் இடது உள்ளங்கைத் தழும்பைக் காட்டினார். இளவயதில் தகட்டைக் கிளாம்ப் போடாமல் கையால் பிடித்தாராம். பிட் கவ்வியதும் தகடு சுழன்று கையைக் கிழித்துவிட்டது.

காரணத்தை ஆசிரியை கரும்பலகை இன்றியே விளக்கினார். சாதாரண ஹைஸ்பீடு பிட்டின் விளிம்பு எஃகில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 மீட்டர் வேகத்தில் செல்லலாம். 10 மி.மீ. பிட் என்றால் 800 சுற்று. 50 மி.மீ. என்றால் 160 சுற்றுதான். அந்தச் சிறிய மெஷினோ எவ்வளவு குறைத்தாலும் 500 சுற்றுக்குக் கீழே இறங்காது. விளிம்பு 78 மீட்டர் வேகத்தில் உரசினால் பிட் சிவந்து மழுங்கிப் போகும். மேலும், வெட்டும் விளிம்பு மையத்தை விட்டு விலக விலகத் திருப்புத்திறன் கூடுகிறது. மோட்டார் திணறும், அல்லது தகடு சுழலும்.

பின் எப்படி? அடுத்த கொட்டகையிலிருந்து காந்த அடிப்பாகம் கொண்ட டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கி வந்தார்கள். மெதுவாகச் சுழலும் அதில் பூட்டியது பிட் அன்று. பல் வைத்த வளையம். 50 மி.மீ. துளை முழுவதையும் பிட்டால் தூளாக்கினால் 308 கிராம் எஃகைச் சீவ வேண்டும். 5 மி.மீ. சுவருள்ள வளையமோ 111 கிராம்தான் சீவுகிறது. நடுத்துண்டு முழுசாக விழுந்துவிடும். கணக்கை நாங்களே போட்டுச் சரிபார்த்தோம்!

மெஷினை ஓட்டுமுன், "பாப்பா, பின்னலைத் தூக்கிக் கட்டுங்க, துப்பட்டா வேண்டாம், வளையலைக் கழட்டுங்க" என்றார். பத்திரமாக இருக்கட்டுமென்று நாங்கள் கொண்டுபோன கையுறைகளையும் கழற்றச் சொல்லிவிட்டார். சுழலும் பிட் துணியைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடுமாம்! கண்ணாடி மட்டும் கட்டாயம்.

மீதி 2 மி.மீ. லேத்தில். தகட்டை முகத்தட்டில் போல்ட்டால் இறுக்கி, தண்டின் நுனியில் பொருத்திய ஒற்றை உளியால் இழைஇழையாகச் சீவினார். சிறிது சிறிதாக எடுப்பதால் சிறிய மோட்டாரே போதும். ஜான் வில்கின்சன் 1775இல் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திர உருளையைக் குடைந்ததும் உளி பொருத்திய தண்டால்தான். ஆனால் அவருடைய தண்டு உருளையை ஊடுருவி இருபுறமும் தாங்கப்பட்டிருந்தது. அதனால் அது நடுங்கவில்லை.

நடுக்கம் என்றால் என்னவென்று நான்காவது தகட்டில் கண்டோம். லேத் திடீரெனக் கிரீச்சிட்டது. துளையின் சுவரில் அலைஅலையாகக் கோடுகள். சித்தப்பா உடனே நிறுத்தினார், முகத்தில் வியர்வை. உளியைத் தீட்டி, தண்டு வெளியே நீண்டிருந்ததைக் குறைத்து, வேகத்தையும் தணித்து மீண்டும் தொட்டார். இன்னும் அரை மி.மீ. மிச்சமிருந்ததால் கோடுகள் மறைந்தன. பேரிங்கை வைத்து மரச்சுத்தியால் இரண்டு தட்டு, கச்சிதமாக அமர்ந்தது.

விழுந்த நடுத்துண்டு ஒன்றை எங்களுக்குத் தந்தார். ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள அது இப்போது நம் இயற்பியல் ஆய்வகத்தில் செய்முறை ஏடுகள் காற்றில் பறக்காமல் காத்து வருகிறது.