இன்ஜினில் ‘கரகர’ சத்தமா? கவனிங்க சகோதரிகளே!



பால் ஊற்ற, காய்கறி விற்க, சந்தைக்குப் போக என்று நம்மில் பல குடும்பங்கள் குழுக் கடனில் பைக் வாங்கியிருக்கிறோம். வண்டி நின்றால் தொழில் நிற்கும், தவணை நிற்காது.

ஒரு குழுக் கூட்டத்தில் பால் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் எங்களிடம் சொன்னார்: “காலையில ஸ்டார்ட் பண்ணா கரகரன்னு கத்துது. இன்ஜினைப் பிரிக்கணும்னு மெக்கானிக் சொல்றாரு. இன்னொரு கடன் கிடைக்குமா?” வேறு கடையில் காட்டச் சொன்னோம். பழுது டென்ஷனர் என்ற சின்ன சாமானில்தான் இருந்தது.

அது என்ன டென்ஷனர்?

இன்ஜினுக்குள் டைமிங் செயின் ஓடுகிறது. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது அதுதான். ஓட ஓட இந்தச் செயின் தளரும். அதை அழுத்திப் பிடித்திருப்பது டென்ஷனர். அது சிக்கிக்கொண்டால் செயின் ஆடி உரசும்.

நாமே பார்க்கலாம்:

1. முதலில் ஆயில் அளவு பாருங்கள். சில வண்டிகளில் ஆயில் குறைந்தாலே டென்ஷனர் சரியாகப் பிடிக்காது.

2. சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். நின்ற இடத்திலேயே ‘கரகர’ சத்தம் வந்து, ஆக்சிலேட்டரை விடும்போது கூடினால் டைமிங் செயினைச் சந்தேகப்படலாம்.

3. வண்டி ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால், வெளியே உள்ள செயின் தளர்ந்திருக்கலாம்.

4. இன்ஜின் மேல்பக்கம் சீராக ‘டிக் டிக்’ என்று கேட்டால், டேப்பெட்டைச் சரிசெய்தாலே போதும்.

மெக்கானிக்கிடம் தயங்காமல், “டென்ஷனரைக் கழற்றிக் காட்டுங்கண்ணா” என்று கேளுங்கள். தானாகத் தள்ளும் ஸ்பிரிங் வகை என்றால், நீண்டிருக்கும் கம்பியை விரலால் அழுத்தினால் உள்ளே போகக் கூடாது. போனால் மாற்ற வேண்டியதுதான். மாற்றியும் சத்தம் வந்தால் செயினும் கைடும் தேய்ந்திருக்கலாம். டென்ஷனரைக் கழற்றியிருக்கும்போது கிக்கரை மட்டும் யாரும் மிதிக்கக் கூடாது. செயின் பல் தாண்டிவிடும். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

“சத்தம்தானே, ஓடற வரைக்கும் ஓடட்டும்” என்று விடாதீர்கள். ஓடும்போது செயின் பல் தாண்டினால் வால்வு வளைந்துபோகும். அப்புறம் நிஜமாகவே இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும்.

அந்த அக்கா மறுகடன் வாங்கவில்லை. வழக்கம்போல பால் ஊற்றுகிறார். நாமும் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுப்போம்; கடன்மேல் கடன் வாங்காமல் இருப்போம்!