பழைய எஞ்சினுக்குப் புதிய தீப்பொறி

1990ஆம் ஆண்டு வடக்கிற்கு எரிபொருள் செல்வது தடைசெய்யப்பட்டபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அக்காலத்தில் அங்கு ஓடிய கார்களில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் முக்கிய இடம் பெற்றன. சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை இயக்கிச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். நோயாளரும் கர்ப்பிணித் தாய்மாரும் மரக்கறி மூட்டைகளும் இக்கார்களில் சென்றன. இதற்குக் காரணங்கள் இரண்டு. இவை அமுக்கம் குறைந்த எஞ்சின்கள். மட்டமான எரிபொருளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அத்துடன், ஒவ்வொரு பாகத்தையும் ஊர் மெக்கானிக் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டக்கூடியதாக இருந்தது.

இன்று இத்தகைய கார்களில் தீப்பொறி முறையை மாற்றும் வழக்கம் பல நாடுகளில் பரவியுள்ளது. டிஸ்ரிபியூட்டரை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் கொயில் பூட்டுகிறார்கள். யப்பானியக் கார்களிலிருந்து கழற்றிய கொயில்கள் எமது நாட்டிலும் கிடைப்பதால் இங்கும் இது செய்யக்கூடியதே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்களின் மதிப்பு உயர்ந்ததையும் நாம் அறிவோம். எனவே, இம்மாற்றத்தால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்பதைப் பணம் செலவழிக்குமுன் அறிந்திருப்பது நல்லது.

டீசலில் ஓடும் உழவு இயந்திரங்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் பிளக்கும் இல்லை, தீப்பொறியும் இல்லை. அமுக்கத்தால் சூடாகும் காற்றே டீசலைப் பற்றவைக்கிறது.

பழைய முறை

1910ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றரிங் உருவாக்கிய முறையே பின்னர் பல பத்தாண்டுகள் கார்களில் நிலைத்தது. பற்றரியின் 12 வோல்ற் மின்சாரம் ஒரு கொயிலுக்குள் செல்கிறது. டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் என்ற சிறு தொடுமுனை மூடியிருக்கும்போது கொயில் சக்தியைச் சேர்க்கிறது. பொயின்ற் திறக்கும் கணத்தில் அச்சக்தி பல்லாயிரம் வோல்ற் அழுத்தமாக வெளிவருகிறது. சுழலும் றோட்டர் அதை நான்கு பிளக்குகளுக்கும் முறைப்படி பகிர்ந்தளிக்கிறது. மொறிஸ் மைனரில் அந்த ஒழுங்கு 1, 3, 4, 2 ஆகும்.

நான்கு சிலிண்டருக்கும் ஒரே கொயில் என்பதுதான் இதன் குறை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது, அந்த ஒரு கொயில் ஒரு செக்கனில் 100 தீப்பொறிகளைத் தரவேண்டும். அதாவது ஒரு பொறிக்கு 10 மில்லிசெக்கன்; ஒரு மில்லிசெக்கன் என்பது செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் பொயின்ற் மூடியிருக்கும் நேரம் மூன்றில் இரண்டு பங்குதான். வேகம் கூடக் கூட இந்நேரம் குறைந்து, தீப்பொறியும் மெலிகிறது.

கடற்காற்றும் மாரி மழையும்

மூதூர் போன்ற இடத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. கொட்டியாரக் குடாவின் உப்புக் காற்று ஆண்டு முழுவதும் வீசுகிறது. ஐப்பசி தொடங்கி மாரி மழை. ஈரமும் உப்பும் டிஸ்ரிபியூட்டர் மூடியிலும் தடித்த பிளக் வயர்களிலும் படிந்தால், மின்சாரம் பிளக்கைத் தேடிப் போகாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும். காலையில் எவ்வளவு சுற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கீறியதுபோல ஒரு கரிய கோடு தெரிந்தால், அது மின்சாரம் கசிந்த வழி. அந்த மூடியைத் துடைத்துப் பயனில்லை; மாற்றவே வேண்டும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் மூதூரிலிருந்து திருகோணமலைக்குத் தரைவழிப் பயணம் இலகுவாயிற்று. மரக்கறியும் பாலும் நேரத்துக்குச் சந்தை சேரவும், நோயாளியை இரவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும் நம்பிக்கையான வாகனம் வேண்டும். வழியில் நின்றுபோகும் வாகனம் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானத்தையே கெடுத்துவிடும்.

ஒரு பிளக்குக்கு ஒரு கொயில்

புதிய முறையில் மூடியும் இல்லை, றோட்டரும் இல்லை. கொயில் பிளக்கின் மேலேயே அல்லது மிக அருகில் அமர்கிறது. உயர் அழுத்த மின்சாரம் செல்லும் தூரம் குறைவதால் கசிவும் குறைகிறது. மேலே சொன்ன அதே 3000 வேகத்தில், ஒரு கொயிலுக்கு அடுத்த பொறிவரை 40 மில்லிசெக்கன் கிடைக்கிறது. இக்காலக் கொயிலுக்குச் சக்தி சேர்க்க ஏறத்தாழ 3 மில்லிசெக்கனே போதும். எனவே எந்த வேகத்திலும் தீப்பொறி ஒரே பலத்துடன் இருக்கும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையான ஃபோர்ட் மொடல் ரீ காரில், மரப்பெட்டிக்குள் நான்கு கொயில்கள் இருந்தன. ஒரு பிளக்குக்கு ஒன்று. ஒற்றைக் கொயில் முறை இடையில் நிலைபெற்றது. 1980களின் இறுதியில் சுவீடனின் சாப் நிறுவனம் தனிக்கொயில் முறையைப் புதிய வடிவில் கொண்டுவந்தது. ரொயோட்டா விற்ஸ் போன்ற கார்களில் இன்று நாம் காண்பதும் இதுவே.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

1. மின்முனை. 1960களின் நடுப்பகுதிவரை வந்த பல பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இலத்திரனியற் பாகங்களுக்கு எதிர்முனைதான் உடலில் இருக்கவேண்டும். இதைப் பாராமல் பூட்டினால் புதிய பாகம் அந்தக் கணமே எரிந்துவிடும். முனையை மாற்றும்போது டைனமோவையும் புதிய முனைக்குப் பழக்க வேண்டும். அது தெரிந்த மெக்கானிக்கின் வேலை.

2. பற்சக்கரம். எஞ்சின் எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி அறியவேண்டும். இதற்கு முன்புறப் புல்லியில் ஒரு பற்சக்கரம் பூட்டுவார்கள். 36 பற்களுக்கு இடம் வைத்து ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். அந்த இடைவெளிதான் அடையாளம். பற்களை வாசிக்கும் சென்சரை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் இடைவெளியில் அசையாதபடி பூட்டவேண்டும். சக்கரம் சற்றே கோணினாலும் எஞ்சின் தடுமாறும்.

3. சோடியாகப் பொறி. நான்கு கொயில் பூட்டினாலும் 1உம் 4உம் ஒரு சோடியாக, 2உம் 3உம் ஒரு சோடியாகப் பொறியடிக்கச் செய்யலாம். ஒரு பொறி எரிபொருளைப் பற்றவைக்கும். மற்றது புகை வெளியேறும் சிலிண்டரில் வீணாகும், தீங்கில்லை. இப்படிச் செய்தால் இரண்டாவது சென்சர் தேவையில்லை. அப்போதும் ஒரு கொயிலுக்கு 20 மில்லிசெக்கன் இடைவெளி உண்டு.

4. பொறி அடிக்கும் நேரம். பழைய டிஸ்ரிபியூட்டர் தன்னுள் இருக்கும் பாரங்களாலும் ஸ்பிறிங்குகளாலும், வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளும். இனி அதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் எண்களாகப் பதியவேண்டும். அளவுக்கு மேல் முன்தள்ளினால் எஞ்சின் தட்டும், பிஸ்ரன் கெடும்.

5. பழைய தண்டு. சில எஞ்சின்களில் டிஸ்ரிபியூட்டர் தண்டுதான் ஒயில் பம்பையும் இயக்கும். அதைக் கழற்றினால் எஞ்சின் ஒயில் இன்றி இறுகிவிடும். கழற்றுமுன் கட்டாயம் கேட்டறியுங்கள்.

எஞ்சின் ஓடும்போது கொயிலையோ பிளக் வயரையோ தொடவேண்டாம். வேலை தொடங்குமுன் பற்றரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

நெடுநாள் நின்ற எஞ்சின்

2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களிற் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. இவ்வளவு காலம் நின்ற வாகனமோ பொயின்ற் வைத்த நீர் இறைக்கும் இயந்திரமோ தீப்பொறி தராவிட்டால், உடனே புதிய முறையை நாடவேண்டாம். பொயின்ற் முனைகளில் மெல்லிய துருப்படலம் பிடித்திருக்கும். நுண்ணிய எமரித்தாளால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்யுங்கள். மொறிஸ் மைனருக்கு அது ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். பல சமயங்களில் இதுவே போதுமானது. அமுக்கம் போன எஞ்சினுக்கோ கபுரேற்றர் அடைத்த எஞ்சினுக்கோ எத்தனை கொயில் பூட்டினாலும் உயிர் வராது.

மாற்றுவதா, விடுவதா?

நாள்தோறும் கூலி ஓட்டத்துக்குப் போகும் கார், எஞ்சின் நல்ல நிலை, வேலை தெரிந்த மெக்கானிக் அருகில் என்ற மூன்றும் இருந்தால் மாற்றம் பயன்தரும். அடிக்கடி பொயின்ற் தேய்ப்பதும் மழைக்காலத்தில் மூடி துடைப்பதும் நின்றுவிடும்.

ஆனால் இழப்பும் உண்டு. பற்றரி இறங்கிவிட்டால் பழைய காரை முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றியே இயக்கிவிடலாம். பொயின்ற் முறைக்குச் சிறிது மின்சாரம் இருந்தாலும் போதும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் குறிப்பிட்ட அளவு வோல்ற் இல்லாவிட்டால் அது வேலையே செய்யாது. பெட்டி பழுதானால் ஊரில் திருத்தவும் முடியாது. பணம் இருந்தாலும் பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வீதிகள் மூடப்பட்டு, பாகமும் எரிபொருளும் வராத நாட்களைக் கண்டவர்கள் நாம். அந்நாட்களில் வண்டியை ஓடவைத்தது எம் கைக்கு எட்டிய தொழில்நுட்பமே.

இடைவழியும் ஒன்றுண்டு. டிஸ்ரிபியூட்டரை அப்படியே விட்டு, பொயின்றுக்குப் பதிலாகச் சிறிய இலத்திரனியல் சென்சரை மட்டும் உள்ளே பூட்டலாம். செலவு குறைவு, தேய்மானமும் இல்லை. பழுதானால் பழைய பொயின்றையும் கொண்டென்சரையும் வீதியோரத்திலேயே திரும்பப் பூட்டி வீடு வந்துசேரலாம். மூடியும் றோட்டரும் இருப்பதால் மழைக்காலக் கவனிப்பு மட்டும் தொடரவேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே ஏற்றது.

முழுமையாக மாற்றுவோர் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். கழற்றிய டிஸ்ரிபியூட்டரைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஒயில் பூசி, பொலித்தீனில் சுற்றி, கொயிலோடும் பிளக் வயர்களோடும் சேர்த்து வண்டியிலேயே வையுங்கள். அதைத் திரும்பப் பூட்டும் முறையை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுங்கள்.