‘ஷிஃப்ட்’ பிடிக்க இன்னொரு கை வேண்டாம்: விசைப்பலகைக்கு நாமே நிரல் அமைப்போம்

எட்டாம் வகுப்புக் கணினிப் பாடவேளை. எல்லா மாணவர்களும் தமிழ்99 முறையில் தங்கள் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டவள். ஒரே ஒரு விரலால்தான் விசைகளை அழுத்துவாள். அவள் பெயரின் நடுவே ‘ஜ’ வருகிறது. தமிழ்99 முறையில் ‘ஜ’ வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி இன்னொரு விசையையும் அழுத்த வேண்டும்.

“சார், ஷிஃப்டை மட்டும் நீங்க பிடிச்சுக்குங்க.”

பிடித்தேன். பெயர் திரையில் வந்தது. அடுத்த வாரமும் பிடித்தேன். மூன்றாவது வாரம் எனக்கே உறுத்தியது. தன் பெயரை எழுத ஒரு குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறதே! அந்த உறுத்தலில் தொடங்கிய முயற்சிதான் இது. பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளத்தில் இருந்துகொண்டு செய்தோம். பொறியியல் படித்தவர் யாரும் எங்களுடன் இல்லை. நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர், அவ்வளவுதான்.

முதலில் எளிய வழி

விண்டோஸில் ‘ஸ்டிக்கி கீஸ்’ என்ற வசதி உண்டு. ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் அது இயங்கட்டுமா என்று கணினி கேட்கும். அதன்பின் ஷிஃப்டை ஒருமுறை தட்டிவிட்டு, அடுத்த விசையைத் தனியாகத் தட்டலாம். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால் முதலில் இதையே முயன்று பாருங்கள். செலவே இல்லை.

எங்களுக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த அமைப்பு கணினியில் இருக்கிறது, மாணவியிடம் இல்லை. ஆய்வகத்தில் இன்று ஒரு கணினி, நாளை வேறொன்று. ஒவ்வொரு முறையும் யாராவது வந்து அமைத்துத் தர வேண்டும். அந்த அமைப்பு அவளுடைய பையிலேயே இருந்தால்? அதற்கு விசைப்பலகைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை

நம்மில் பலர் நினைப்பதுபோல் விசைப்பலகை எழுத்துகளை அனுப்புவதில்லை, எண்களை அனுப்புகிறது. யு.எஸ்.பி. விதிப்படி ஆங்கில ‘ஏ’ விசையின் எண் 4, ‘பி’ 5, ‘சி’ 6. இந்த வரிசையில் ‘இ’ விசைக்கு 8. அந்த 8 என்ற எண்ணை என்ன எழுத்தாகக் காட்டுவது என்று முடிவு செய்வது கணினி. தமிழ்99 இயங்கும்போது 8 தனியாக வந்தால் ‘ஊ’. ஷிஃப்டுடன் வந்தால் ‘ஜ’.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு தமிழ்99. உயிரெழுத்துகள் 12, மெய் வரிசை 18, புள்ளி 1 ஆக 31 விசைகள் ஷிஃப்ட் இல்லாமலே கிடைக்கும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும். புள்ளி தானாக விழும். ஒரு விரலால் எழுதுபவருக்கு இதைவிட வசதியான தமிழ் அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை. ஷிஃப்ட் தேவைப்படுவது ஆய்த எழுத்துக்கும் ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கும்தான்.

விசையை அழுத்தியதும் எந்த எண்ணை அனுப்புவது என்று தீர்மானிக்க, விசைப்பலகைக்குள் ஒரு சிறு சில்லும் அதில் ஒரு நிரலும் இருக்கின்றன. அந்த நிரலுக்கு ‘ஃபர்ம்வேர்’ என்று பெயர். தமிழில் நிலைபொருள் என்பார்கள். கடையில் வாங்கும் சாதாரண விசைப்பலகையில் இதை நாம் மாற்ற இயலாது. ‘கியூ.எம்.கே.’ என்பது யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற நிலைபொருள். ‘டி.எம்.கே.’ என்ற பழைய நிரலிலிருந்து கிளைத்தது. ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் கிடைக்கிறது.

பன்னிரண்டு விசை, ஏழு கம்பி

முழு விசைப்பலகை ஒன்றை நாங்கள் செய்யவில்லை. இருக்கும் விசைப்பலகையோடு கூடுதலாகச் செருகிக்கொள்ள, பெரிய பொத்தான்கள் 12 கொண்ட ஒரு சிறு பலகை மட்டும் செய்தோம். மூளையாக ‘ராஸ்பெர்ரி பை பிக்கோ’ என்ற சிறு சுற்றுப்பலகை.

பொத்தானுக்கு ஒரு கம்பி என்றால் 12 கம்பிகள் வேண்டும். 3 நிரை, 4 நிரல் என்று அடுக்கினால் 7 போதும். (36 விசைகளுக்கு எத்தனை கம்பி என்று பத்தாம் வகுப்பில் ‘அணிகள்’ நடத்தும்போது கேட்டுப் பாருங்கள்.) சில்லு ஒவ்வொரு வரிசைக்கும் முறை வைத்து, “உன் வரிசையில் எது அழுத்தப்பட்டிருக்கிறது?” என்று நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் கேட்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஏரியில் ‘பாடு’ முறை என்று ஒன்று உண்டு. எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலை போடுவதில்லை. இன்று இவர் பாடு, நாளை அவர் பாடு. “அப்போ கம்பிக்கும் பாடு இருக்கு சார்” என்றான் ஒருவன்.

ஒவ்வொரு பொத்தானோடும் ஒரு டையோடு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மூன்று விசைகள் சேர்ந்து அழுந்தும்போது, தொடாத நான்காவது விசையும் அழுந்தியதாகச் சில்லு ஏமாறும். உள்ளங்கை பலகையில் பட்டுவிடக்கூடிய குழந்தைக்கு இது முக்கியம். டையோடின் கோடு போட்ட முனை எல்லாவற்றிலும் ஒரே பக்கம் இருக்கட்டும். நான் ஒன்றைத் திருப்பிப் பற்றவைத்துவிட்டு, அந்தப் பொத்தான் ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். பற்றவைக்கும் வேலையைப் பெரியவர்களே, காற்றோட்டமான இடத்தில் செய்வது நல்லது.

நிரல் எழுதும் இடத்தைத் தயார் செய்தல்

வலை பின்ன உட்காருபவர் நூல், ஊசி, கண் அளவுக்கான கட்டை எல்லாவற்றையும் முதலில் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார். நிரலுக்கும் அப்படி ஒரு தயாரிப்பு தேவை. இதை ‘மேம்பாட்டுச் சூழல்’ என்கிறார்கள். நமக்கு வேண்டியவை நான்கு: கியூ.எம்.கே.யின் மூல நிரல். அதைத் தரவிறக்கிப் பராமரிக்கும் ‘கிட்’. நாம் எழுதுவதைப் பிக்கோவின் சில்லுக்குப் புரியும் மொழியாக மாற்றும் ‘கம்பைலர்’. எழுதுவதற்கு ஓர் உரைத்திருத்தி.

1. விண்டோஸுக்கு ‘கியூ.எம்.கே. எம்சிஸ்’ என்ற ஒரே தொகுப்பில் கருவிகள் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆய்வகக் கணினியில் நிறுவ வேண்டாம். சொந்த மடிக்கணினியில் நிறுவுங்கள். சில ஜிபி இடம் காலியாக இருக்கட்டும்.

2. அதைத் திறந்து ‘கியூஎம்கே செட்டப்’ என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுத்தால் மூல நிரல் முழுவதும் இறங்கும். இது பெரிய தரவிறக்கம். இணைய வேகம் குறைந்த ஊரில் இருப்பவர்கள் நகரத்துக்குப் போகும்போது முடித்துக்கொள்ளலாம். ஒருமுறை இறங்கிவிட்டால் பிறகு இணையம் இல்லாமலே வேலை செய்யலாம். சேமிக்கும் கோப்புறையின் பெயரில் இடைவெளி இருக்கக்கூடாது.

3. ‘கியூஎம்கே டாக்டர்’ என்ற கட்டளை எல்லாம் சரியாக நிறுவப்பட்டதா என்று சோதித்து, குறையிருந்தால் சொல்லும். மற்றவர்களிடம் உதவி கேட்கும் முன் இதை ஓட்டிப் பாருங்கள்.

4. சொந்தப் பலகைக்குப் போகும் முன், ஏற்கெனவே உள்ள ஏதாவது ஒரு விசைப்பலகையின் நிரலை ‘கம்பைல்’ செய்து பாருங்கள். அது பிழையின்றி முடிந்தால் சூழல் சரி. பிறகு வரும் பிழை நம் எழுத்தில் என்று தெரிந்துவிடும்.

5. ‘நியூ கீபோர்ட்’ கட்டளை புதிய பலகைக்கான கோப்புகளை உருவாக்கித் தரும். ஒரு கோப்பில் எந்தக் கம்பி பிக்கோவின் எந்த முனையில் இணைகிறது என்று எழுத வேண்டும்; இன்னொன்றில் எந்தப் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும்.

6. மீண்டும் கம்பைல் செய்தால் ‘யு.எஃப்.2’ கோப்பு ஒன்று கிடைக்கும். பிக்கோவில் உள்ள ‘பூட்செல்’ பொத்தானை அழுத்திக்கொண்டே கணினியில் செருகினால் அது பென் டிரைவ் போலத் தெரியும். அதில் கோப்பை நகலெடுத்துப் போட்டதும் தானே மறுதொடக்கம் ஆகி விசைப்பலகையாக மாறிவிடும்.

கம்பைலர் பிழை காட்டினால் பயப்பட வேண்டாம். வரி எண்ணோடு சொல்லும். அந்த வரியில் தவறு தெரியவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு காற்புள்ளி விடுபட்டிருக்கும்.

நாங்கள் செய்த தவறுகள்

கியூ.எம்.கே.யில் ‘ஒன்-ஷாட் ஷிஃப்ட்’ என்ற வசதி உண்டு. ஒருமுறை தட்டினால் அடுத்து வரும் ஒரு விசைக்கு மட்டும் ஷிஃப்டாக நிற்கும். அதையே முதலில் வைத்தோம். வேலை செய்யவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. அது தன் பலகையில் அழுத்தப்படும் அடுத்த விசைக்காகக் காத்திருக்கிறது. எழுத்தோ வேறு விசைப்பலகையிலிருந்து வருகிறது. எனவே வழியை மாற்றினோம். ‘ஷிஃப்டும் இ-யும்’ சேர்ந்ததை ஒரே பொத்தானில் வைத்தோம். தமிழ்99 இயங்கும்போது அந்தப் பொத்தான் ‘ஜ’. இப்படியே ஃ, ஸ, ஷ, ஹ. மற்றப் பொத்தான்கள்: நகலெடு, ஒட்டு, மீள்செய், சேமி, அனைத்தையும் தேர்ந்தெடு, மொழி மாற்று, சாளரம் மாற்று.

அடுத்த சிக்கல்: விரலை உடனே எடுக்க முடியாததால் ‘ஜஜஜஜ’ என்று ஓடியது. எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒரே முறை அனுப்பும் ‘மேக்ரோ’வாக அதை மாற்றினோம். கை நடுக்கத்தால் வரும் வேகமான இரட்டைத் தட்டலைக் குறைக்க, ‘டிபவுன்ஸ்’ என்ற காத்திருப்பு நேரத்தை வழக்கமான 5 மில்லிநொடியிலிருந்து கூட்டிப் பார்த்தோம். 150 வைத்தபோது, “ரொம்ப லேட்டா வருது சார்” என்றாள். 60 அவளுக்குப் பொருந்தியது. பொத்தான்களின் இடைவெளியையும் பலகையின் சாய்வையும் முடிவு செய்ய வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரின் ஆலோசனை உதவியது.

ஒரு எச்சரிக்கை. விசைப்பலகை என்று சொல்லிக்கொள்ளும் எந்தக் கருவியையும் கணினி நம்பிவிடும். அது தானாகவே எதையும் தட்டச்சு செய்யலாம். அதனால் யாரோ தரும் ஆயத்தக் கோப்பைப் போடாதீர்கள். மூல நிரலைப் படித்து, நாமே கம்பைல் செய்ய முடிவதே கட்டற்ற மென்பொருளின் பாதுகாப்பு. தலைமையாசிரியரிடம் காட்டி அனுமதி பெற்ற பின்பே ஆய்வகத்தில் செருகினோம்.

மறுநாளே மாற்ற முடிந்தது

பலகையைக் கொடுத்த வாரத்தில் அவள் ‘எங்கள் ஏரி’ என்று ஒரு கட்டுரை அடித்துக்கொண்டிருந்தாள். ‘ஒட்டு’ பொத்தானுக்குப் பக்கத்திலேயே ‘அனைத்தையும் தேர்ந்தெடு’ இருந்தது. கை அதில் பட்டு, அடுத்த எழுத்தை அடித்ததும் ஒரு பக்கம் முழுவதும் காணாமல் போனது. நான் எழுந்து வருவதற்குள் ‘மீள்செய்’ பொத்தானை அவளே அழுத்திவிட்டாள். கட்டுரை திரும்ப வந்தது. பிறகு சொன்னாள்: “சார், இந்தப் பட்டன் வேணாம். இதுல எங்க ஊர் பேர் வர்ற மாதிரி வைங்க.”

அன்றிரவு சில வரிகளை மாற்றிக் கம்பைல் செய்தேன். மறுநாள் காலை அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சுண்ணாம்புக்குளம் என்று முழுதாக வந்தது. கடையில் வாங்கிய கருவியாக இருந்தால் அவள்தான் அதற்கேற்ப மாறியிருக்க வேண்டும். சூழலை ஒருமுறை அமைத்து வைத்திருந்ததால், கருவி அவளுக்கேற்ப மாறியது.

செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்குச் செப்பு இணைப்புகள் பச்சை பிடிக்கும் என்பதால் மூடியுள்ள பெட்டியில் வைத்து, பற்றவைத்த இடங்களில் நகப்பூச்சு தடவியிருக்கிறோம். உங்கள் பள்ளியில் யாருக்கு எந்த விசை எட்டவில்லை என்பதை ஒரு பாடவேளை உட்கார்ந்து கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுதான்.