கிரெடிட்: வரவா, கடனா?

வங்கிக்கு வந்து செல்வோர் அடிக்கடி கேட்கும் சொற்களுள் ஒன்று ‘கிரெடிட்’. சம்பளம் கணக்கில் சேர்ந்தால் ‘கிரெடிட் ஆகிவிட்டது’ என்கிறோம். பணமின்றிப் பொருள் வாங்க உதவும் அட்டையையும் ‘கிரெடிட் கார்டு’ என்றே அழைக்கிறோம். முன்னது வரவு, பின்னது கடன். எதிரெதிரான இரு பொருள்களை ஒரே சொல் தாங்குவது எவ்வாறு?

‘நம்புதல்’ எனப் பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லே இதன் வேர். யார் யாரை நம்பிக் கொடுக்கிறார் என்று பார்த்தால் குழப்பம் தீரும். சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் செலுத்தும்போது நீங்கள் வங்கியை நம்பிக் கொடுக்கிறீர்கள். அதைத் திருப்பித் தருவது வங்கியின் பொறுப்பு. ஆதலின் வங்கியின் பேரேட்டில் அத்தொகை உங்கள் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. கடன் அட்டையிலோ வங்கி உங்களை நம்பிக் கொடுக்கிறது. திருப்பிச் செலுத்தும் பொறுப்பு உங்களுடையது.

எனவே ‘கிரெடிட் லிமிட் 50,000 ரூபாய்’ என்பது உங்கள் இருப்பு அன்று. நீங்கள் கடன்படக்கூடிய உச்ச வரம்பு. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் தவிரும். ஆனால் எஞ்சிய தொகைக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்த நம்பிக்கையை எண்ணால் அளப்பதே ‘கிரெடிட் ஸ்கோர்’. இது 300 முதல் 900 வரை அமையும். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டுப் பெற்று, பிழையிருப்பின் திருத்தக் கோரலாம்.

வங்கிக்கு வெளியேயும் இச்சொல் உலவுகிறது. திரைப்படத்தில் அது உழைத்தோரின் பெயர் வரிசை. கல்லூரியில் பாடத்துக்குரிய மதிப்பலகு.

மோசடிக்காரர்களும் இச்சொல்லைக் கையாள்கிறார்கள். ‘தவறுதலாக உங்கள் கணக்கில் 5,000 ரூபாய் கிரெடிட் ஆகிவிட்டது, திருப்பி அனுப்புங்கள்’ என்று அழைப்பு வரலாம். குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல் கணக்கு இருப்பைப் பாருங்கள். பணம் உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களாக அனுப்பாமல் வங்கிக் கிளைக்குத் தெரிவியுங்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண் தேவையில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இனி எந்தப் படிவத்தில் ‘கிரெடிட்’ என்று கண்டாலும், திருப்பித் தர வேண்டியவர் யார் என்று கேளுங்கள். விடை தெளிவான பின்னரே கையொப்பமிடுங்கள்.