எதைச் செய்யாமல் விடுவது?

வியாபாரம் வளர வேண்டுமானால் புதிது புதிதாக எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் எதைச் செய்வது என்பதைப் போலவே, எதைச் செய்யாமல் விடுவது என்பதையும் தீர்மானித்தால்தான் ஒரு தொழில் நீண்ட காலம் நிலைக்கும். சிறுவர்கள் ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் லெகோ கட்டைகளின் கதை இதற்கு நல்ல உதாரணமாகும்.

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில், ஒலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932 இல் இத்தொழிலை ஆரம்பித்தார். முதலில் மரத்தாலான விளையாட்டுப் பொருட்களே செய்யப்பட்டன. பிளாஸ்டிக் கட்டைகள் பின்னர் வந்தன. 1958 இல் வடிவமைக்கப்பட்ட கட்டைகள் இன்று விற்கப்படும் கட்டைகளுடனும் பொருந்தும். அதுவே லெகோவின் பலம்.

1990களில் கணினி விளையாட்டுகள் சிறுவர்களை ஈர்க்கத் தொடங்கியபோது, கம்பனி பல திசைகளிலும் அகலக்கால் வைத்தது. சிறுவர் உடைகள், கைக்கடிகாரங்கள், கணினி விளையாட்டுகள், தொலைக்காட்சித் தொடர், கேளிக்கைப் பூங்காக்கள் என்று அதன் வேலைகள் பெருகின. கட்டைகளிலும் புதிய வடிவங்கள் குவிந்தன. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு தேவை; அதைச் சேமித்து வைக்கத் தனி இடமும் தேவை. செலவு வருமானத்தை விழுங்கியது. 2003, 2004 ஆம் ஆண்டுகளில் பெரும் நட்டம் ஏற்பட்டது.

2004 இல், 35 வயதான யோர்கன் விக் நுட்ஸ்டோர்ப் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 12,000க்கும் அதிகமாக இருந்த துண்டு வகைகள் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டன. 2005 இல் பூங்காக்களின் பெரும்பங்கு விற்கப்பட்டது. பலர் வேலையிழந்தனர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. உரிய காலத்தில் சொல்லாத 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு, இறுதியில் தொழிலாளரும் விலை கொடுக்க நேர்ந்தது. மீண்டும் கட்டைகளில் கவனம் செலுத்திய லெகோ, பத்தாண்டுகளுக்குள் உலகின் மிகப் பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனங்களில் ஒன்றாக உயர்ந்தது. புதிய முயற்சிகளை அது நிறுத்திவிடவில்லை. அவை கட்டைகளுக்குத் துணை செய்யுமா என்று பார்த்தே ஏற்றுக்கொண்டது.

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். அவரிடம் பிரியாணி ஓடர் ஒன்று வருகிறது. அதற்குப் பெரிய சட்டிகள், கூடுதல் கேஸ், உதவிக்கு ஓர் ஆள் எல்லாம் வேண்டும். இவைதாம் அவருக்குப் 'புதிய அச்சு'. அன்று கேக் பிந்தினால், பழைய வாடிக்கையாளரும் போய்விடுவார்.

மாணவிகளே, நாளை நீங்களும் ஒரு தொழிலைத் தொடங்கலாம். புதிய வாய்ப்பு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது என் திறமைக்கு உட்பட்டதா? இதற்கான முழுச் செலவையும் கணக்கிட்டேனா? இதனால் ஏற்கெனவே செய்யும் வேலையின் தரம் குறையுமா? பதில் திருப்தியாக இல்லையென்றால், "இது எங்களால் முடியாது" என்று பணிவோடு சொல்லிவிடுங்கள். ஏற்றுக்கொண்ட வேலையை நேரத்துக்கு முடித்துக் கொடுத்தால், அந்த வாடிக்கையாளர் மீண்டும் உங்களிடமே வருவார்.