பூட்டிய திரை, திறந்த ஃபோல்டர்

தூத்துக்குடி துறைமுகத்தை நம்பி நடக்கும் கிளியரிங் ஏஜென்சிகளில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் இருக்கும். ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதற்குள்தான். ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கும் அதை மற்ற மேசைகளிலிருந்தும் திறப்பார்கள். கண்டெய்னரைத் துறைமுகத்துக்குள் அனுப்பும் கெடு நெருங்கும் நேரத்தில் திரையில் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். "தம்பி, மொதல்ல அந்த பாஸ்வேர்ட தூக்கி விட்ரு" என்பார் அண்ணாச்சி.

தூக்கினால் சிக்கல் கூடத்தான் செய்யும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துதான் திறக்கலாம். நெட்வொர்க் வழியே வந்தால் விண்டோஸ் உள்ளே விடாது. இது கோளாறு அல்ல, வேண்டுமென்றே வைத்த தடுப்பு. பிறகு பகிர்வுக்கான பாஸ்வேர்டு பாதுகாப்பையே அணைத்துவிடுகிறார்கள். வைஃபையில் நுழைந்த எவரும் ஏற்றுமதியாளரின் விலைப்பட்டியலைப் படிக்கலாம் என்ற நிலை அப்படித்தான் வருகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பு, ப்ரோ பதிப்பில் பாஸ்வேர்டு கேட்காத இந்த விருந்தாளி (கெஸ்ட்) நுழைவை அடைத்தது. பழைய நெட்வொர்க் ஹார்டு டிஸ்க் வைத்திருந்தவர்கள் அப்போது திணறினார்கள்.

திரையைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணை இந்தப் பெட்டியில் அடித்துப் பார்ப்பவர்கள் அநேகம். பின் எண் அந்த ஒரு கருவிக்கு மட்டும் உரியது. நெட்வொர்க் கேட்பது கணக்கின் பாஸ்வேர்டை.

அந்த பாஸ்வேர்டும் கம்பி வழியே அப்படியே போவதில்லை. ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். நம் கம்ப்யூட்டர் அதை பாஸ்வேர்டிலிருந்து பெற்ற ரகசியத்தோடு கலந்து கணக்கிட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். எண் ஒவ்வொரு முறையும் மாறுவதால் நேற்றைய விடை இன்று செல்லாது. ஆனால் நடுவில் ஒட்டுக்கேட்டவர் கேள்வியையும் விடையையும் எடுத்துப்போய், பொருந்தும்வரை சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். கம்பெனி பெயரோடு வருடத்தைச் சேர்த்த பாஸ்வேர்டு அதற்கு அதிக நேரம் தாங்காது. தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்தால் தாங்கும்.

2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்ற தீநிரல், பாஸ்வேர்டுகளை இன்னொரு வழியில் பிடித்தது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கின் குழுமம் மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் நடத்திய டெர்மினலும் அதில் முடங்கியது. விண்டோஸின் ஓட்டை ஒன்றை நாட்பெட்யா பயன்படுத்தியது உண்மை. அதோடு, தொற்றிய கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்து அட்மின் பாஸ்வேர்டுகளை உருவி, அவற்றைக் கொண்டே பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்குள் முறையான பயனர்போல நுழைந்தது. அதனால் ஓட்டையை அடைத்து வைத்திருந்தவையும் விழுந்தன. சுமார் பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் மெர்ஸ்க் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. எல்லா மேசைக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைத்திருக்கும் சின்ன அலுவலகமும் இதே ஆபத்தில்தான் இருக்கிறது.

அதனால் ஆளுக்கொரு சாதாரணக் கணக்கு வேண்டும். பார்த்தால் போதும் என்பவருக்குத் திருத்தும் உரிமை வேண்டாம். பகிர்வு பாஸ்வேர்டை விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் ஒருமுறை சேமித்துவிட்டால், பெட்டி அடிக்கடி வந்து மறிக்காது. சேமித்த பிறகு அந்த மேசையில் உட்கார்பவர் யாராக இருந்தாலும் ஃபோல்டர் திறக்கும் என்பதால், லாக் ஸ்கிரீன் விஷயத்தில் கண்டிப்பாக இருந்தே ஆக வேண்டும் என்பேன். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயோடு எல்-ஐ அழுத்த வேண்டும். மறந்தால் ஐந்து நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளட்டும்.

ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரைப் பூட்டினால் மற்றவர்களின் வேலை நின்றுவிடும் என்ற பயம் பல இடங்களில் உண்டு. அது தேவையில்லாத பயம். பூட்டு தடுப்பது முன்னால் உட்கார்பவரைத்தான். பின்னணியில் பகிர்வும் பிரிண்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். வேலையை நிறுத்துவது ஸ்லீப். அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் அதை அணைத்து வைத்தால் போதும்.