மழைக்கு முன்னால் ஒரு சர்வீஸ்

சிங்கப்பூரில் காருக்குப் பருவம் என்றால் அது மழைதான். வெயில் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி காய்கிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் தொடங்கி மார்ச் முற்பகுதி வரை நீடிக்கும். அதற்கு முன்பே அக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் இடியும் மழையும் வந்துவிடும். ஆகவே காரின் உறுப்புகளை ஒருமுறை முழுதாகப் பார்க்கத் தோதான காலம் செப்டம்பர், அக்டோபர். ஆயுத பூஜையும் அப்போதுதான். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறவர் அந்த டயரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கட்டாயப் பரிசோதனையைப் பராமரிப்பு என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி, 3 ஆண்டு நிறைந்த கார் 2 ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டைக் கடந்த கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. விக்காம், எஸ்டிஏ, ஜேஐசி நிலையங்களில் பிரேக்கின் பிடிப்பு, விளக்குகள், புகை, வண்டியின் அடிப்பாகம் முதலியவற்றைப் பார்க்கிறார்கள். அது அன்றைய நிலைக்கான சான்று, அவ்வளவே. பேட்டரி இன்னும் எத்தனை மாதம் தாங்கும், எஞ்சின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்பதெல்லாம் உரிமையாளரின் கவலை. வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇ-யைப் புதுப்பித்துப் பத்தாண்டுக்கு மேல் ஓட்டுபவருக்கு இந்தக் கவலை கூடுதல். சாலை வரியும் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் ஏறி 50 விழுக்காடு வரை கூடும்.

மழைக்காலத்தில் முதலில் பார்க்க வேண்டியது டயர். பள்ளங்களின் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் தெரியும். டயர் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். உண்மையில் அதுவரை காத்திருப்பது ஆபத்து. ஆழம் 3 மில்லிமீட்டருக்கு வந்தாலே நனைந்த சாலையில் தண்ணீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறைகிறது. விரைவுச்சாலையில் டயர் தண்ணீர் மேல் மிதந்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பேச்சைக் கேட்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3523 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். குறைவாக ஓடும் காரின் டயர் தேயாமலே கிழடாகி வெடிப்பு விடும் என்பதால் இந்த எண் முக்கியம். காற்றழுத்த அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயர் சூடேறுவதற்கு முன் சரிபார்க்க வேண்டும்.

வைப்பர் மலிவான சாமான், அதனாலேயே மறக்கப்படுவது. வெயிலில் ரப்பர் இறுகி, கண்ணாடியில் கோடு கோடாகத் தண்ணீரை விட்டுச் செல்லும். பல கார்களில் ஓட்டுநர் பக்க வைப்பர் நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருக்கும். அளந்துகொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

பேட்டரியைக் குளிர்தான் கெடுக்கும் என்று குளிர்நாட்டார் சொல்வார்கள். இங்கே எதிரி வெப்பம். பேட்டரியின் தகடுகள் விரைவில் அரித்துப்போகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயுள் முடிந்துவிடுகிறது. எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2-க்கு இறங்கினால் பாதிதான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். சமதளமான சிங்கப்பூரில் இது தெரியாமல் போகலாம். டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவின் கெந்திங் மலைக்குப் போய், இறங்கும் வழி நெடுக பிரேக்கை மிதித்தால் தெரியும்: ஆயில் கொதித்துக் குமிழியாகி, மிதி அடிவரை அமுங்கிப்போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மலையிறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குவது அதைவிட நல்லது.

தீபாவளி நெரிசலில் சிராங்கூன் சாலையில் ஊர்ந்து, முஸ்தஃபா சென்டர் அருகே வண்டி நிறுத்த இடம் தேடும் காருக்கு ரேடியேட்டர்தான் உயிர். வண்டி ஓடாததால் எதிர்க்காற்று கிடையாது. குளிர்விப்பது விசிறியும் கூலன்ட்டும் மட்டுமே. கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளிப்பது துருவையும் உப்புப் படிவையும் வரவழைக்கும் வழி. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. தீவின் நீளமே சுமார் 50 கிலோமீட்டர்தான் என்பதால் பல கார்களுக்குக் குட்டிப் பயணங்கள்தான் வாய்க்கின்றன. எஞ்சின் முழுதாகச் சூடேறாமலே அணைக்கப்படும்போது ஆயிலில் ஈரம் தங்கிவிடுகிறது. கையேட்டில் கிலோமீட்டர், மாதம் என இரண்டு கணக்கும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதன்படி ஆயிலை மாற்ற வேண்டும்.

எவ்வளவு பராமரித்தாலும் வெள்ளத்துக்குத் தாங்கும் கார் கிடையாது. 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலையே தண்ணீரில் நின்றது. அது வடகிழக்குப் பருவமழைக் காலமும் அல்ல. தேங்கிய தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாமல் அதன் இணைப்புத் தண்டு வளைந்து, எஞ்சினே போய்விடும். காரைத் தள்ளி ஓரங்கட்டி இழுவை வண்டியை அழையுங்கள்.